இந்தியா போற நம்மாளுங்க ட்ரெயின் விஷயத்துல செய்யிற தப்புகள்

சபரிமலை, காசி, இல்லாட்டி கோத்தகிரி கூடலூர் பக்கம் சொந்தக்காரங்க வீட்டு கல்யாணம்னு இலங்கைல அட்டன், தலவாக்கலை பக்கமிருந்து வருசா வருசம் புதுசா ஆளுங்க கெளம்புறாங்க, வருசா வருசம் அதே தப்புங்க, நானும் ஒரு காலத்துல செஞ்சதுதான். பாஸ்போர்ட்ட மறக்காதீங்க, பைய பாத்துக்கங்கன்னெல்லாம் சொல்ல மாட்டேன், அத உங்க அம்மாவே சொல்லுவாங்க.

வெயிட்டிங் லிஸ்ட்ட டிக்கெட்டுனு நம்புறது

இதுக்குத்தான் இன்னமும் எரிச்சல் வருது. நம்ம ஊர்ல கவுன்டர்ல டிக்கெட் எடுத்தா கோச்சி (ட்ரெயின்) ஏறலாம், சீட் இல்லாட்டி கதவோரம் நின்னுக்கிட்டாவது நானுஓயா போய் சேந்துரலாம். அதே நெனப்புல அங்க போனா மாட்டிக்கிறது நிச்சயம். ஏஜன்ட் குடுக்கிற பேப்பர்ல பேரு, வயசு, 10 இலக்க பிஎன்ஆர் (புக்கிங் நம்பர்), கட்டின காசு எல்லாம் பளிச்சுனு இருக்கும், ஸ்டேட்டஸ்ங்கிற எடத்துல மட்டும் டபிள்யூஎல் 47னு, அதாவது வெயிட்டிங் லிஸ்ட்ல 47னு, சின்னதா போட்டிருக்கும். கன்ஃபர்ம் ஆயிரும் ஆயிரும்னு சொல்லுவாங்க. ஆகாட்டி? சார்ட், அதாவது கடைசி பயணிகள் லிஸ்ட் போட்டதும் ஆன்லைன் டிக்கெட் தானா கேன்சல். அப்புறம் ஏறினா டிக்கெட் இல்லாம ஏறின கணக்குதான்.

கொட்டகலை பக்கத்து குடும்பம் ஒண்ணு, முட்டிவலிக்கார பாட்டியோட, சென்னை சென்ட்ரல்ல காசி ட்ரெயின் ஏறி காலியா கெடந்த பெர்த்துல உக்காந்துட்டாங்க. அடுத்த ஸ்டேஷன்ல பெர்த்துக்காரங்க வந்துட்டாங்க. டிடிஇ, அதான் டிக்கெட் செக் பண்றவரு, கைல இருந்த மெஷின தடவி பாக்குறாரு, இவங்க பேரே இல்ல. சார்ஜும் தண்டமும் கட்டி, நடுராத்திரில விஜயவாடாவுல பாட்டிய கைத்தாங்கலா எறக்கினாங்க. கேன்சல் ஆன காசு புக் பண்ணின அக்கவுண்டுக்குத்தான் திரும்பும், அதாவது ஏஜன்ட்டுக்கு. ஊருக்கு வந்து கேட்டா "அப்பிடி ஒண்ணும் வரலயே"ங்கிறாரு. வயிறு எரியாதா?

அதனால பிஎன்ஆர நீங்களே போட்டு பாருங்க, அங்க ரயில்வே நம்பர் 139க்கு அடிச்சாலும் சொல்லுவாங்க. சிஎன்எஃப் (கன்ஃபர்ம்), கோச், பெர்த் நம்பர் இருந்தா நிம்மதி. ஆர்ஏசி, அதாவது முழு பெர்த் இல்லாம உக்கார எடம் மட்டும்னாலும் ஏறலாம், என்ன, சைட் பெர்த்துல ரெண்டு பேரா உக்காந்துக்கிட்டு போகணும். டபிள்யூஎல்லுக்கு முன்னாடி பிக்யூனு (பல ஸ்டேஷனுக்கு பொதுவான லிஸ்ட்) இருந்தா ஆசையே வைக்காதீங்க. "தட்கல்ல (கடைசி நேர புக்கிங்) எடுத்து தர்றேன்"ங்கிறவரையும் நம்பாதீங்க, 2025 ஜூலைல இருந்து ஆன்லைன் தட்கலுக்கு இந்தியாக்காரங்களோட அடையாள நம்பரான ஆதார் வேணும், நமக்கேது ஆதார்.

நமக்குனு ஒரு வழி இருக்கு, அதத்தான் யாரும் கேக்கிறதில்ல. ஃபாரின் டூரிஸ்ட் கோட்டா, வெளிநாட்டுக்காரங்களுக்குனு ஒதுக்கின சீட். உள்ளூர்க்காரங்களுக்கு 60 நாளைக்கு முந்தித்தான் புக்கிங் தெறக்கும், 2024 நவம்பருக்கு முந்தி அது 120 நாள். நமக்கு 365 நாளைக்கு முந்தியே எடுக்கலாம். பெரிய ஸ்டேஷன்கள்ல பாஸ்போர்ட்ட காட்டி கவுன்டர்லயும் வாங்கலாம், நியூ டெல்லில அது ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளயே மொத மாடி. வாசல்ல ஒருத்தன் வந்து "அது மூடியாச்சு, வேற ஆபீஸ் இருக்கு வாங்க"னு கூப்பிடுவான், திரும்பி பாக்காம படி ஏறுங்க.

எந்த ஸ்டேஷன்

சென்னைல ஓட்டோக்காரர்ட்ட வெறுமனே "ஸ்டேஷன்"னு சொல்லாதீங்க. மதுரை, திருச்சி, ராமேஸ்வரம் பக்கத்துக்கு பெரும்பாலும் எக்மோர். டெல்லி, மேட்டுப்பாளையம்னா சென்ட்ரல். காசில இன்னும் குழப்பம், வாரணாசி ஒண்ணு, பனாரஸ் ஒண்ணு, போதாததுக்கு பழைய முகல்சராய் இப்ப தீன்தயாள் உபாத்யாயா ஜங்ஷன்ங்கிற பேர்ல கொஞ்சம் தள்ளி இருக்கு.

00:20

14ஆம் தேதி 00:20 ட்ரெயின்னா 13ஆம் தேதி ராச்சாப்பாட்டோட கெளம்பணும்.

தூரம்

கொழும்பு பதுளை 290 கிலோமீட்டர் சொச்சம், அதுக்கே பகல் பூரா போயிருது. சென்னை டெல்லி கிட்டத்தட்ட 2,180, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்லயே ரெண்டு ராத்திரி. பத்து நாள்ல திருப்பதி, காசி, டெல்லி, சபரிமலைனு பிளான் போட்டுட்டு வர்றவங்கள பாத்தா என்னத்த சொல்றது, பாதி நாள் பெர்த்துலயே போயிரும்.

கப்பல்

தலைமன்னார் கப்பல் தாத்தா காலத்தோட முடிஞ்சுது. இப்ப காங்கேசன்துறைல இருந்து நாகப்பட்டினம், அதுவும் கடல் மோசம்னா ஓடாது. எறங்குற அன்னைக்கே ராத்திரி ட்ரெயின் போடாதீங்க. அட்டன்ல இருந்து காங்கேசன்துறை போய் சேரவே ஒரு நாள் ஆகும்ங்கிறதையும் கணக்குல சேத்துக்கங்க.