தாத்தாவின் மிலிட்டரி கார்பைன் வீட்டுக் காவலுக்கு ஆகுமா? இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

வேலூர் பக்கம் மிலிட்டரிக்காரர் இல்லாத தெருவே குறைவு. கணியம்பாடியை ஒட்டிய கம்மவான்பேட்டைக்கு மிலிட்டரிப்பேட்டை என்றே இன்னொரு பெயர் நிலைத்துவிட்டது. அதனால்தான் யூடியூபில் அமெரிக்கர்கள் தங்கள் ராணுவத்தின் பழைய எம்1 கார்பைனை (கார்பைன் என்றால் குட்டைக் குழல் ரைபிள்) காட்டி "வீட்டுக் காவலுக்கு இதைவிட நல்லது இல்லை" என்று பேசும்போது, நம் ஆட்கள் பலருக்குத் தாத்தாவின் பெட்டியோ, பெரியப்பா வீட்டுப் பரணில் கோணியில் சுற்றிக் கிடக்கும் ஏதோ ஒன்றோ நினைவுக்கு வருகிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் பழைய ராணுவக் கார்பைன் வீட்டுக் காவலுக்கு ஆகாது. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் அதைச் சட்டப்படி ஒழுங்கு செய்வதுதான் முதல் வேலை.

அமெரிக்கர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எம்1 கார்பைன் இரண்டாம் உலகப் போரில் 60 லட்சத்துக்கும் மேல் தயாரானது, எடை இரண்டரை கிலோவுக்குள், 15 தோட்டா மேகசின், உதை குறைவு. 1963இல் அமெரிக்க அரசே அதை நேஷனல் ரைபிள் அசோசியேஷன் என்ற சங்கத்தின் உறுப்பினர்களுக்கு 20 டாலருக்கு விற்றது. அங்கே அதற்குத் தோட்டா கடையில் கிடைக்கும், மேகசின் கிடைக்கும், ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு. இங்கே இந்த மூன்றில் ஒன்றுகூடச் சுலபமில்லை.

நம் பக்கம் பேச்சில் அடிபடுவது பெரும்பாலும் .303 தோட்டா ஏறும் வகை. லீ என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைபிளைக் குட்டையாக்கி 1944இல் வந்த ஜங்கிள் கார்பைன் அதில் ஒன்று. குழல் குட்டை, எடை குறைவு, தோட்டா மட்டும் அதே பழைய .303. அதனால் தோளில் உதை பலமாக விழும், சத்தமும் தீப்பொறியும் அதிகம். போர்க்களத்தில் நூறு கெஜத்துக்கு அப்பால் ஆளை வீழ்த்தச் செய்த தோட்டா அது. வேலூர் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அதைச் சுட்டால் கதவையும் சிமெண்ட் ஷீட்டையும் துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் போய்விடும், அங்கே தூங்குகிறவர் யார், திருடன் யார் என்று தோட்டாவுக்குத் தெரியாது. அப்புறம் பழைய தோட்டா. ஈரத்திலும் வெயிலிலும் வருஷக்கணக்காகக் கிடந்தது வெடிக்காமலும் போகலாம், தாமதமாகவும் வெடிக்கலாம். மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். உயிருக்கு ஆபத்து வரும் ஒரே ஒரு நொடியில் நம்பக்கூடிய சாமான் இதில்லை.

சட்டம் இன்னும் கறார். 2016 ஆயுத விதிகளில் .303, 7.62 ராணுவத் தோட்டா ஏறும் ரைபிள்களும், ராணுவ 9 எம்எம் தோட்டா ஏறும் கார்பைன்களும் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வருகின்றன. கலெக்டர் ஆபீஸில் சாதாரணமாக லைசென்ஸ் தருவது 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி, .32 ரிவால்வர், .315 ரைபிள் போன்றவற்றுக்குத்தான். ராணுவத்தின் ஸ்டெர்லிங் கார்பைன் மாதிரி தானாகத் தொடர்ந்து சுடும் ஆயுதம் தடை செய்யப்பட்டது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தடை செய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. "தாத்தாவுடையது, எனக்குத் தெரியாது" என்று கோர்ட்டில் சொல்லித் தப்பலாம் என்று நம்பி உட்காராதீர்கள்.

சரி, பெட்டியில் ஒன்று கிடைத்துவிட்டது, என்ன செய்வது? தொடாதீர்கள். எந்தத் துப்பாக்கியும் லோடு ஆகியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்துப் பார்ப்பது, பிள்ளைகளிடம் காட்டுவது, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது எதுவும் வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு அவருடைய பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தேடுங்கள். லைசென்ஸ் இல்லாதவர் அதைப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போவதே தனிக் குற்றம் ஆகிவிடும், ஆகவே ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் கொடுத்து அவர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவு சொல்வது இதுதான்: லைசென்ஸ்தாரர் இறந்தாலோ, லைசென்ஸ் காலாவதியானாலோ, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஆயுத எண், தோட்டா எண்ணிக்கை எழுதிய ரசீது வாங்காமல் அனுப்பாதீர்கள்.

ஒப்படைத்தால் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் வாங்கினால் திரும்பப் பெறலாம், அல்லது தகுதியுள்ளவருக்கு விற்கலாம். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை, பழைய லைசென்ஸ் இவற்றோடு விண்ணப்பம் போக வேண்டும், காவல்துறை விசாரணை வரும். தாத்தா உயிரோடு இருந்தால் இன்னும் எளிது, 70 வயது ஆனாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். 2019இல் மாவட்டம் பிரிந்ததால் வாலாஜா, ஆற்காடு பக்கத்தார் ராணிப்பேட்டைக்கும், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தார் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரிக்கு வந்து அலைய வேண்டாம்.

சுட முடியாத அளவுக்குத் துருப்பிடித்தது என்றால் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் ரிப்பேர் செய்தாலும் பயன்படாது என்பதை நீங்களே முடிவு செய்ய முடியாது.

வீட்டுக் காவலுக்கு என்றால் என் யோசனை: நல்ல கிரில், பின்கட்டில் ஒரு விளக்கு, கதவுக்கு உள்தாழ்ப்பாள், கூப்பிட்டால் எழும் அக்கம்பக்கம். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், போனில் 112ம் காவல் உதவி செயலியும் இருக்கட்டும். பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை தருகின்றன, இரவில் வீடு உடைத்து நுழைபவனுக்கு எதிராகவும் அது நீளும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை, சுவர் ஏறி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது.

ஏற்கெனவே லைசென்ஸோடு 12 போர் வைத்திருப்பவர்கள், குறிப்பாக பேங்க் காவல் வேலைக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினர், தோட்டாவைத் தனியாக, துப்பாக்கியைத் தனியாகப் பூட்டி வையுங்கள், சாவி பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்து ஒப்படைக்கச் சொன்னால் அன்றே கொடுத்து ரசீது வாங்குங்கள். வேலைக்காக ஆயுதம் தேவைப்படுபவர்கள் விலக்குக் கேட்டு முன்கூட்டியே மனு போட வேண்டும், கடைசி நாளில் போனால் வேலை நடக்காது.