சீனாவில் கடை விரிக்கும் முன்: வெளிநாட்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனா வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறக்கிறதா, மூடுகிறதா என்று விவாதிப்பவர்கள் நிறைய. சட்டத்தை மட்டும் வைத்துச் சொன்னால், முன்பைவிட அகலமாகவே திறந்திருக்கிறது. 2020 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம், தடைப்பட்டியலில் (வெளிநாட்டு முதலீட்டுக்குத் தடை அல்லது கட்டுப்பாடு உள்ள துறைகளின் பட்டியல்) இல்லாத எந்தத் துறையிலும் வெளிநாட்டு நிறுவனத்தை உள்ளூர் நிறுவனத்துக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் பட்டியலில் 29 இனங்கள்தான். உற்பத்தித் துறைக்கான கட்டுப்பாடு அதில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு காலத்தில் சீனக் கூட்டாளி இல்லாமல் கார் தயாரிக்கவே முடியாது. டெஸ்லா ஷாங்காயில் தனியாகவே ஆலை கட்டியது. 2022-ல் பயணிகள் காருக்கான பங்கு வரம்பும் போய்விட்டது.

இவ்வளவு திறந்த பிறகும் போனவர்கள் அடிபட்டுத் திரும்புகிறார்கள். போட்டி கடுமைதான். ஆனால் முதலில் முடிக்க வேண்டிய காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளியதால் வந்த நஷ்டமும் கணிசம். அந்த நஷ்டம் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரைப் பதியாமல் பேச்சைத் தொடங்குவது

சீனாவில் வணிகச்சின்னம் முதலில் விண்ணப்பித்தவருக்கே. உங்கள் ஊரில் ஐம்பது வருடமாக அந்தப் பெயரில் வியாபாரம் செய்கிறீர்கள் என்பது அங்கே பெரும்பாலும் எடுபடாது. கண்காட்சியில் மாதிரியைக் காட்டி, விலைப்பட்டியலைக் கொடுத்து, ஊர் திரும்பிய பிறகு பதியலாம் என்று நினைத்தால், அதற்குள் வேறொருவர் பதிந்திருக்கலாம்.

ஜப்பானின் மூஜி நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். சீனாவில் தன் பெயரின் சீன எழுத்துகளைப் பல பொருள் பிரிவுகளில் பதிந்து வைத்திருந்தது. ஆனால் துண்டு, படுக்கை விரிப்பு போன்ற துணிகள் வரும் 24-ம் பிரிவில் அதே சீன எழுத்துகளை வேறொரு சீன நிறுவனம் முன்பே பதிந்துவிட்டது. மூஜி அங்கே முதல் கடை திறந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து, 2005-ல். வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2019-ல் பெய்ஜிங் உயர் நீதிமன்றம் மூஜிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 6 லட்சம் யுவானுக்கு மேல் நஷ்டஈடு. தொகையைவிடப் பெரிய அடி, சொந்தப் பெயரைச் சொந்தத் துண்டில் போட முடியாமல் போனதுதான்.

நியூ பேலன்ஸ் காலணி நிறுவனம் தவறவிட்டது வேறு இடத்தில். ஆங்கிலப் பெயர் அதன் கையில் இருந்தது. விளம்பரத்தில் பயன்படுத்திய சீனப் பெயர் வேறொருவர் பதிவில் இருந்தது. 2015-ல் குவாங்சோ நீதிமன்றம் 9 கோடியே 80 லட்சம் யுவான் கட்டச் சொன்னது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது 50 லட்சமாகக் குறைந்தது.

ஆகவே ஆங்கிலப் பெயர், சீனப் பெயர், சின்னம் மூன்றையும் பதியுங்கள். சீனாவில் ஒவ்வொரு பிரிவும் உட்பிரிவுகளாக உடைக்கப்பட்டிருக்கிறது. ஒரு உட்பிரிவில் பதிந்தால் பக்கத்து உட்பிரிவிலும் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பதிந்துவிட்டுச் சும்மா இருந்தாலும் ஆபத்துதான். தொடர்ந்து மூன்று வருடம் பயன்படுத்தாத சின்னத்தை ரத்து செய்யச் சொல்லி யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பயன்படுத்தியதற்கான பில், விளம்பரம், படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

'நாங்கள் அங்கே விற்கவில்லை, ஆலையில் செய்து வாங்கி வருகிறோம், அவ்வளவுதானே' என்பவர்களுக்கும் இது பொருந்தும். வேறொருவர் உங்கள் பெயரைப் பதிந்து சீனச் சுங்கத்துறையிலும் பதிவு செய்துவிட்டால், உங்கள் சரக்கே துறைமுகத்தில் நிற்கும்.

முத்திரையை யாரிடமோ விட்டு வைப்பது

கையெழுத்துக்குப் பழகிய நிறுவனங்களுக்கு இதன் கனம் புரிய நாளாகும். சீனாவில் ஒரு நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது மூன்று பொருள்கள்: வணிக உரிமத்தின் அசல், பதிவு பெற்ற சிவப்பு முத்திரை, உரிமத்தில் 'சட்டப் பிரதிநிதி', அதாவது நிறுவனத்தின் சார்பில் செயல்பட அதிகாரம் உள்ளவர், என்று போட்டிருக்கும் ஆளின் பெயர். இயக்குநர் குழு எங்கோ கூடித் தீர்மானம் போட்டால் மட்டும் போதாது.

2020 ஜூனில் ஆர்ம் சிப் வடிவமைப்பு நிறுவனத்தின் சீனக் கூட்டு நிறுவனத்தில், குழு பெரும்பான்மை வாக்கில் தலைமை நிர்வாகியை நீக்கியது. முத்திரை அவர் கையில். சட்டப் பிரதிநிதியும் அவர்தான். அவர் போகவில்லை. 2022 ஏப்ரலில் ஷென்ஜென் அதிகாரிகள் புதிய பிரதிநிதியின் பெயரைப் பதிவு செய்யும்வரை, உலகறிந்த ஒரு நிறுவனம் ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தது. பணபலமும் வக்கீல் படையும் இருந்த நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், சிறிய நிறுவனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டப் பிரதிநிதி ஒருவர், முத்திரையைக் காப்பவர் வேறொருவர் என்று பிரித்து வையுங்கள். நிதி முத்திரை மூன்றாவது கையில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை முத்திரை விழும்போதும் தேதி, ஆவணம், கேட்டவர், அனுமதித்தவர் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். தலைமையகத்திலிருந்து யாரையாவது பேருக்குப் பிரதிநிதியாகப் போட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். கடன் அல்லது வழக்குச் சிக்கல் வந்தால் அவர் நாட்டைவிட்டு வெளியேறுவதை நீதிமன்றம் தடுக்க முடியும். அந்த மனிதரிடம் இதை முன்கூட்டியே சொல்வதுதான் நியாயம்.

பட்டியலைப் பாதி படிப்பது

29 இனங்களில் நம் துறை இல்லை, ஆகவே வழி தெளிவு என்று நினைப்பதும் தவறு. எல்லோருக்கும், சீன நிறுவனங்களுக்கும் சேர்த்து, சந்தை நுழைவுக்கென்று இன்னொரு பட்டியல் இருக்கிறது. 2025 பதிப்பில் அதில் 106 இனங்கள். உணவு, மருந்து, பதிப்பு, நிதி என்று உரிமம் வேண்டியவை அதில் வரும். அப்புறம் வணிக உரிமத்தில் எழுதப்படும் தொழில் வரம்பு. 'ஆலோசனைச் சேவை' என்று மட்டும் எழுதிவிட்டுப் பொருள் விற்கப் போனால் அதற்கு வரி ரசீது போடுவதிலேயே சிக்கல் வரும். தனி நிறுவனம் தொடங்காமல் தொடர்புக்காக மட்டும் பிரதிநிதி அலுவலகம் திறந்தவர்களுக்கோ எந்த விற்பனை ரசீதும் போட உரிமை கிடையாது.

மூலதனத்தில் பெரிய தொகையை எழுதிவிட்டு, கட்டுவதற்கு இருபது முப்பது வருடம் போட்டுக்கொள்ளும் பழக்கம் முன்பு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் ஐந்து வருடத்துக்குள் முழுவதும் கட்டியாக வேண்டும். பழைய நிறுவனங்கள் சரிசெய்ய 2027 ஜூன் 30 வரை அவகாசம். லாபத்தை ஊருக்கு அனுப்புவதற்கும் வரிசை உண்டு: தணிக்கை, வரி, பழைய நஷ்டத்தை ஈடுகட்டுதல், மீதியில் 10 சதவீதம் சட்டக் காப்புநிதிக்கு. அதன் பிறகுதான் ஈவுத்தொகை. முதல் வருட லாபத்தை நம்பி ஊரில் கடன் வாங்காதீர்கள்.

வாடிக்கையாளர் தகவல் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் எதையும் யோசிக்காமல் எல்லாத் தகவலையும் தலைமையக சர்வருக்கு அனுப்புகிறார்கள். 2021-ன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் 5 கோடி யுவான் அல்லது முந்தைய ஆண்டு விற்பனையில் 5 சதவீதம் வரை போகும். இன்னும் சிலர் பயந்து தேவையில்லாத செலவில் இறங்குகிறார்கள். 2024 மார்ச் விதிகளின்படி, ஓர் ஆண்டில் ஒரு லட்சத்துக்குக் குறைவானவர்களின் சாதாரணத் தகவல் வெளியே போனால் அரசிடம் தாக்கல் வேண்டாம். பத்து லட்சம் வரை அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும், அல்லது தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு மேல் அரசின் பாதுகாப்பு மதிப்பீடு. உடல்நலம், வங்கிக் கணக்கு போன்ற, வெளியானால் ஆளுக்குத் தீங்கு வரக்கூடிய தகவலுக்கு வரம்பு மிகக் குறைவு. எண்ணிக்கை எதுவானாலும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கும் கடமை போகாது.

விளம்பரத்தில் 'மிகச் சிறந்த' என்று போடாதீர்கள். விளம்பரச் சட்டம் அதைத் தடுக்கிறது, அபராதம் 2 லட்சம் யுவானில் தொடங்குகிறது.

நிறுவனம் தொடங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம்

பலர் கவனிக்காத நல்ல வழி எல்லை கடந்த மின்வணிகம். அனுமதிப் பட்டியலில் உள்ள நுகர்பொருளை அங்கே நிறுவனம் இல்லாமலே சீன வாடிக்கையாளருக்கு விற்கலாம். ஒரு முறைக்கு 5,000 யுவான், ஒருவருக்கு ஆண்டுக்கு 26,000 யுவான் வரை சுங்கவரி பூஜ்யம்; மதிப்புக்கூட்டு வரியில் 70 சதவீதம்தான். இங்கே நடக்கும் தவறு, இதே சரக்கைச் சாதாரணக் கடையிலும் அடுக்கலாம் என்று நினைப்பது. முடியாது. கடைக்குப் போக முழு இறக்குமதி நடைமுறையும் வேண்டும். உணவாக இருந்தால், 2022 முதல் தயாரிக்கும் ஆலையே சீனச் சுங்கத்துறையில் பதிந்திருக்க வேண்டும். இந்திய இறால் ஆலைகளுக்கு இது பழகிய விஷயம்.

பெரிய முதலீட்டுக்குப் பார்க்க வேண்டிய இடம் முதியோர் நலமும் மருத்துவமும். 60 வயதைக் கடந்தவர்கள் 30 கோடிக்கு மேல் இருக்கும் நாடு அது. 2024 செப்டம்பரில் முழு வெளிநாட்டு உரிமையில் மருத்துவமனை நடத்த அனுமதி வந்தது. பெய்ஜிங், தியான்ஜின், ஷாங்காய், நான்ஜிங், சூஜோ, ஃபூஜோ, குவாங்சோ, ஷென்ஜென் நகரங்களிலும் ஹைனான் தீவு முழுவதிலும். சீன மரபு மருத்துவமும் அரசு மருத்துவமனைகளை வாங்குவதும் இதில் சேராது. பக்கத்து நகரத்தில் வாடகை குறைவு என்று அங்கே இடம் பிடித்தால் இந்த அனுமதி செல்லாது. நகரத்தை முடிவு செய்துவிட்டு, அந்த மாவட்ட அலுவலகம் உங்கள் முகவரியைப் பதிவுக்கு ஏற்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.