மார்கழியில் மாவு பொங்கவில்லையா?

சென்னையில் 20 டிகிரிக்கு இறங்கினாலே குளிர்தான். ஆட்டோக்காரர் காதை மூடி மங்கி குல்லா, வாக்கிங் போகும் மாமா கழுத்தில் மஃப்ளர். டெல்லிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் இட்லி மாவுக்கு இது நிஜமான குளிர். மே மாதம் 6 மணி நேரத்தில் பொங்கி வழிகிற மாவு, இப்போது 12 மணி நேரம் ஆனாலும் அசையாமல் கிடக்கும்.

புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி பக்கம் இருந்தால்தான் சுறுசுறுப்பு. அதனால் அரைக்கும்போது ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரே போதும். உளுந்தோடு ஊறப்போடும் வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். உப்பு போட்டு, கரண்டியை வைத்துவிட்டுக் கையாலேயே கலக்குங்கள். பிறகு அகலமான அண்டாவில், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மாவுப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி, மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிடுங்கள். காலையில் மூடியைத் திறந்தால் மாவு மேலே குமிழ் குமிழாக நிற்கும்.

செட்டாப் பாக்ஸ் மேல் வைத்தால் சீக்கிரம் பொங்கும் என்று ஒரு வருஷம் செய்து பார்த்தேன். பொங்கியது, பெட்டிக்குள்ளேயும் இறங்கியது. வேண்டாம்.

இன்னொன்று, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் வாய் அகன்ற டப்பாவில் மாற்றி வையுங்கள். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.