பள்ளிக்கூட விண்ணப்பம் ஒன்லைன்ல போடேக்க விடுற பிழையள்

எங்கட சனசமூக நிலையத்தில ரெண்டு கொம்பியூட்டரும் ஒரு பிரின்ரரும் கிடக்கு. பின்னேரத்தில நான் போய் இருப்பன், பெறுபேறு பாக்க, பிள்ளையளுக்கு விண்ணப்பம் போட எண்டு தாய் தேப்பன்மார் வருவினம். நாலு வருசமா அதே பிழையளைத்தான் திரும்பத் திரும்பப் பாக்கிறன், அதில ஒண்டு எல்லாத்தையும் விட மோசம், அதை முதல் சொல்லிப்போடுறன்.

உங்கட போன் நம்பரைக் குடுக்காமல் விடுறது. கொம்யூனிகேசன் கடையில போய் "தம்பி, நீயே போட்டு விடு" எண்டா, அவன் கெதியா முடிக்க தன்ர நம்பரையும் தன்ர ஈமெயிலையும் அடிச்சு விடுவான். அவனைக் குறை சொல்லேலாது, உங்களிட்ட ஈமெயில் இல்லை, போன் வீட்டில சார்ஜில கிடக்கு, ஓரிபி, அதான் போனுக்கு வாற ஒருமுறை இலக்கம், வந்தா அவன் ஆரைக் கேக்கிறது? ஆனா பிறகு வாற மெசேஜ் முழுக்க அவனுக்குத்தான் போகும். போன வருசம் ஒரு அக்கா, பிள்ளைக்கு வேற பள்ளிக்கூடம் கேட்டுப் போட்டுட்டு பதிலே வரேல்லை எண்டு ரெண்டு மாசமா பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா. பிறப்புச் சான்றிதழ் வடிவா விளங்கேல்லை, திரும்ப அனுப்புங்கோ எண்டு மெயில் எப்பவோ வந்து கடைக்காரப் பெடியன்ர மெயிலுக்க அடியில கிடந்திருக்கு. திகதி முடிஞ்சுது. அவா மடியில வச்சிருந்த அந்த நீல பைலைத் தடவித் தடவிக் கொண்டே இருந்தவா, எனக்கு இப்பவும் கண்ணுக்க நிக்குது.

ஈமெயில் இல்லாட்டி அண்டைக்கே திறவுங்கோ, பத்து நிமிச வேலை. பாஸ்வேர்ட்டை ஒரு கொப்பியில எழுதி பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழோட அலுமாரிக்க வையுங்கோ. அப்பா கட்டார்ல எண்டு அவற்ற நம்பரைக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம், அவர் வேலையில நிக்கேக்க ஓரிபி போய்க் காலாவதியாகிப் போகும்.

அடுத்தது பேர். பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சு வச்சதைக் கொண்டுவந்து ஒட்டினா அங்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் விழும், எந்தக் கொம்பியூட்டரிலயும் தமிழாவே தெரியிற யூனிகோட்டில அடிக்கோணும். ஆங்கிலத்தில தர்சினி எண்டதையே நாலு விதமா எழுதலாம், பிறப்புச் சான்றிதழைப் பாத்து எழுத்து எழுத்தா அடியுங்கோ, ஞாபகத்தில அடிக்காதேங்கோ.

பள்ளிக்கூடத்தில படிக்கிற பிள்ளைக்கு ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) விண்ணப்பம் போடவும் சிலர் வாறவை. அது அதிபர் ஊடாகத்தான் போகும், தனிப்பட்ட பரீட்சார்த்திதான் தானாப் போடோணும். நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் பேரும் பாடங்களும் சரியோ எண்டு பாத்தாக் காணும். சந்தேகம் எண்டா இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு 1911 அடியுங்கோ.

பொதுக் கொம்பியூட்டர் எண்டது எல்லாருக்கும் உரிய சாமான். லொகின் பண்ணினா லொக்அவுட் பண்ணிப்போட்டு எழும்புங்கோ, பாஸ்வேர்ட் சேவ் பண்ணவோ எண்டு கேட்டா வேண்டாம் எண்டு குடுங்கோ. ஸ்கான் பண்ணின அடையாள அட்டையை டெஸ்க்டொப்பில விட்டுட்டுப் போகினம், நான் ஒவ்வொரு இரவும் இருந்து அழிக்கிறன். பிள்ளையின்ர பரீட்சைச் சுட்டெண்ணை வட்ஸ்அப் குறூப்பில போட்டு "ஆராவது பாத்துச் சொல்லுங்கோ" எண்டும் கேக்காதேங்கோ, அந்தப் பெறுபேறைப் பிள்ளைதான் முதல் பாக்கோணும், ஊர் இல்லை.

ரீச்சர்மாருக்கும் ஒண்டு. சிங்களச் சுற்றறிக்கையை சரிச்சுப் படம் எடுத்து குறூப்பில போட்டா காணாது, கடைசித் திகதி என்ன, என்ன பேப்பர் வேணும் எண்டு தமிழில ரெண்டு வரி அடிச்சு விடுங்கோ. வட்ஸ்அப் இல்லாத அம்மம்மாவோட வளருற பிள்ளையும் உங்கட வகுப்பில இருக்கும், அதின்ர கொப்பிக்க ஒரு துண்டு எழுதி வச்சு விடுங்கோ.

நாங்கள் பின்னேரம் நாலரைக்குத் திறப்பம். கடைசி நாள் மட்டும் நிக்காமல் முந்தியே வாங்கோ, வரேக்க போனைச் சார்ஜ் போட்டுக் கையில கொண்டு வாங்கோ.