400 டாலர் நீச்சல் உடை: யாருக்கு, எப்போது, எப்படி

குளிர்காலப் போட்டிகள் முடியும் மாதம் வந்தால் என் கைப்பேசிக்கு ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து வரும்: "அக்கா, பிள்ளைக்கு டெக் சூட் வாங்கலாமா?" டெக் சூட் என்பது பந்தயத்தில் வேகமாக நீந்துவதற்கென்றே செய்த உடை. நியூ ஜெர்சியில் என் மகள் நீந்தும் கிளப்பில் ஏழு வருடமாகப் பந்தய நேரம் குறிப்பவள் நான். நான்காவது லேனின் முனையில், கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு, ஈரச் செருப்போடு நிற்பேன். தோலோடு தோலாக ஒட்டி, முழங்கால் வரை கறுப்பாக இறங்கும் அந்த உடையில் ஒரு பிள்ளை வந்து நின்றால் பக்கத்து லேன் பிள்ளையின் முகம் வாடுவது அங்கிருந்து நன்றாகவே தெரியும். அன்று இரவே அந்த வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். மறுநாள் எனக்குச் செய்தி வரும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள். 12 அல்லது அதற்குக் கீழே என்றால் பேச்சு இங்கேயே முடிந்தது. அமெரிக்காவின் நீச்சல் போட்டி அமைப்பான யூஎஸ்ஏ ஸ்விம்மிங் 2020 செப்டம்பர் 1 முதல் அந்த வயதினருக்கு டெக் சூட்டைத் தடை செய்துவிட்டது. தெரியாமல் போட்டுக்கொண்டு வந்தால் ரெஃப்ரி மாற்றிக்கொண்டு வரச் சொல்வார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அப்படி அழுதுகொண்டே உடை மாற்றப் போனதையும், அவள் அம்மா கடை ரசீதை ரெஃப்ரியிடம் நீட்டி வாதாடியதையும் பார்த்திருக்கிறேன். ரசீதில் விலை இருக்கும், விதி இருக்காது.

எது டெக் சூட், எது சாதாரண உடை என்பதில்தான் பலருக்குக் குழப்பம். நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். துணியையும், இரண்டு துணித்துண்டுகள் சேரும் மூட்டையும் பாருங்கள். மூட்டு தைக்கப்படாமல் ஒட்டப்பட்டிருந்தால், எந்த வெட்டாக இருந்தாலும் அது டெக் சூட். நெசவுத் துணி இடுப்பைத் தாண்டிக் கீழே இறங்கினாலும் டெக் சூட். பின்னல் துணியில், நூலால் தைத்த உடை முழங்கால் வரை இருந்தாலும் சின்னப் பிள்ளைகள் தாராளமாகப் போடலாம். தொடை தெரிய வேண்டாம் என்று நினைக்கும் பெண் பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி. அப்படிப்பட்ட உடை 60 டாலருக்கே கிடைக்கும்.

நெசவுக்கும் பின்னலுக்கும் வித்தியாசம் தெரியாதா? நான் திருப்பூர்க்காரி, சொல்லித் தருகிறேன். வேட்டி நெசவு, பாவும் ஊடையும் நெடுக்கும் குறுக்குமாகப் போவதால் இழுத்தால் கொடுக்காது. பனியன் பின்னல், நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போவதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். டெக் சூட் துணி நைலானும் எலாஸ்டேனும் சேர்ந்த நெசவு. இழுத்துப் பார்த்தால் முரண்டு பிடித்துக்கொண்டு கொஞ்சம்தான் கொடுக்கும். குடைத்துணி மாதிரி வழுக்கும், கசக்கினால் சரசரக்கும். பிறகு உட்புறத்தைத் திருப்பி மூட்டின் மேல் விரலை ஓட்டுங்கள். ஓவர்லாக் நூல் நெருடினால் அது தையல். நூலே இல்லாமல் வழவழவென்று ஒரு பட்டை ஒட்டியிருந்தால் உங்கள் பத்து வயதுப் பெண்ணுக்கு அது ஆகாது.

என் அப்பா பனியன் கம்பெனியில் முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். இங்கே வந்திருந்தபோது மகளின் உடையை உள்பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தார். விலை கேட்டார், சொன்னேன். "நூலே போடவில்லை, எதற்கு இவ்வளவு?" என்றார். இன்றுவரை அவருக்கு அது தீரவில்லை.

தடையே இல்லாவிட்டாலும் அந்த வயதில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பதினோரு வயதுப் பிள்ளை ஆறு மாதத்திலேயே நன்றாக வளர்ந்துவிடும், 100 கஜத்தில் நேரமும் தானாகக் குறையும். குறைந்தது உடையால் என்று அப்பா நம்புவார், பிள்ளையும் நம்பும். அதன் பிறகு அந்த உடை இல்லாமல் குளத்தில் இறங்கவே பயப்படும்.

13 வயதுக்கு மேல் என்றால் யோசிக்கலாம். "இது நியாயமா, பணம் கொடுத்து வேகம் வாங்குவதுதானே?" என்று என் கணவர் அன்றும் கேட்டார், இன்றும் கேட்கிறார். அவருக்கு நான் சொல்லும் கதை 2009 ரோம் உலகப் போட்டி. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்பீடோ நிறுவனத்தின் எல்இசட்ஆர் ரேசர் உடையில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பட்டைகள் வந்தன. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் 25 உலகச் சாதனைகள். அடுத்த ஆண்டே மற்ற நிறுவனங்கள் முழு உடையையும் பாலியூரித்தேனிலேயே செய்துவிட்டன. அது உடம்பை இறுக்கிப் பிடித்ததோடு மிதக்கவும் வைத்தது. ரோமில் மட்டும் 43 சாதனைகள் விழுந்தன. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில், பெய்ஜிங்கில் ஐந்தாவதாக வந்த ஜெர்மனியின் பால் பீடர்மன் 1:42.00-இல் அமெரிக்க நட்சத்திரம் மைக்கேல் ஃபெல்ப்ஸைத் தோற்கடித்தார். அந்த உடை இல்லாமலும் ஒருநாள் ஃபெல்ப்ஸை வெல்ல வேண்டும் என்று பீடர்மனே சொன்னார். 2010 ஜனவரி 1 முதல் சர்வதேச நீச்சல் சம்மேளனம் எல்லாவற்றையும் நிறுத்தியது: துணி மட்டும்தான், ஜிப் கூடாது, ஆண்களுக்குத் தொப்புளுக்குக் கீழிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை.

ஆகவே இன்று கடையில் இருப்பது பல் பிடுங்கிய பாம்பு. மிதக்க வைக்காது. உடம்பை இறுக்கி ஒரே கோட்டில் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை உறிஞ்சாமல் வழிய விடும், அவ்வளவுதான். அதற்கும் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற பிள்ளைக்கு.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். மகளுக்கு 13 வயது. 100 கஜம் ஃப்ரீஸ்டைலில் அவள் நேரம் 1:00.84. ஜூனியர் ஒலிம்பிக்ஸ் என்று ஒரு மாநிலப் போட்டி உண்டு (ஒலிம்பிக்ஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஊரில் உறவினர்களிடம் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்). அதற்குத் தகுதி நேரம் 58.99. அவள் கேட்டாள், நான் வாங்கிக் கொடுத்தேன். அந்த உடையில் நீந்தினாள்: 1:00.31. அரை நொடி.

பிறகுதான் பயிற்சியாளர் தண்ணீருக்கடியில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். சுவரை நெருங்கும்போதெல்லாம் அவள் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்க்கிறாள். திரும்பி உதைத்துக் கிளம்பியதும் முதல் கைவீச்சிலேயே மூச்செடுக்கிறாள். 25 கஜக் குளத்தில் 100 கஜத்துக்கு மூன்று திருப்பம். மூன்றிலும் இதே கதை. ஆறு வாரம் அதை மட்டும் திருத்தினார்கள். அடுத்த சின்னப் போட்டியில் வெளுத்துப்போன பழைய பயிற்சி உடையில் நீந்தினாள். என் ஸ்டாப்வாட்ச் 59.4 காட்டியது. பிப்ரவரியில்தான் அலமாரியிலிருந்து டெக் சூட்டை எடுத்தோம்: 58.8.

அதனால் என் அளவுகோல் இது. தகுதி நேரத்துக்கும் பிள்ளையின் நேரத்துக்கும் 100 கஜத்தில் ஒரு நொடிக்கு மேல் இடைவெளி இருந்தால் வாங்காதீர்கள், திருப்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி அதைவிடக் குறைவு, பிள்ளை வாரம் ஐந்து நாள் பயிற்சிக்கு வருகிறது, பயிற்சியாளரும் "சரி" என்கிறார் என்றால் வாங்கலாம். அதையும் பருவத்தின் பெரிய போட்டிக்கு மட்டும். சனிக்கிழமை உள்ளூர்ப் போட்டிக்கெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு வருவது பந்தியில் பட்டுப்புடவையோடு பரிமாறுவது மாதிரி.

வாங்குவது என்று முடிவானால், தொடக்க நிலை உடையே போதும். 120 முதல் 180 டாலருக்குள் முடியும். தலைப்பில் நான் போட்ட 400 டாலர் உடை கல்லூரி அணியைக் குறிவைக்கும் பிள்ளைகளுக்கு. பையன்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரைதான் என்பதால் விலையும் குறையும். உடையின் பின்புறம் சம்மேளனத்தின் அங்கீகார முத்திரை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஜிப் வைத்த பழைய உடைகள் 2010-க்கு முந்தியவை, போட்டியில் செல்லாது.

பழையதை வாங்கவே வாங்காதீர்கள். நான் வாங்கினேன். ஒரு மூத்த பெண்ணிடமிருந்து 70 டாலருக்கு, ஒரு அளவு பெரியது, "வளர்ந்துவிடுவாள்" என்ற நம் ஊர்க் கணக்கில். குதித்தவுடன் முதுகுப் பக்கம் தண்ணீர் புகுந்து, பின்னால் ஒரு பலூனை இழுத்துக்கொண்டு நீந்தினாள். இந்த உடையில் வளர்ச்சிக்கு இடம் விடுவது என்ற பேச்சே கிடையாது. அந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையை வைத்து மார்பு, இடுப்பு, தோளிலிருந்து கவட்டை வழியாக மீண்டும் தோள் வரை என்று மூன்றையும் டேப்பால் அளந்து வாங்குங்கள். நிமிர்ந்து நிற்கும்போது கீழ்முதுகில் இடைவெளி தெரிந்தால் பெரியது. தோளில் தடம் விழலாம். கை மரத்துப்போனால் சிறியது.

இனி போடும் வித்தை. முதல் தடவைக்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள், அதுவும் வீட்டில், போட்டிக்கு ஒரு வாரம் முன்பே. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், பிள்ளைக்கும் உங்களுக்கும். மோதிரம், வளையல் கழற்றுங்கள். உடம்பு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பாட்டி முந்தின நாள் எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு வரட்டும். எண்ணெய் பட்டால் துணியின் தண்ணீர் ஒட்டாத பூச்சு கெட்டுவிடும்.

காலில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் பாதமும் குதிகாலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பிறகு பையை உருவிவிடுங்கள். முதலில் இரண்டு காலின் விளிம்பையும் முழங்காலுக்குச் சற்று மேலே, அது கடைசியில் இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து விரல் நுனியின் சதையால் துணியைக் கிள்ளி, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக மேலே நகர்த்துங்கள். இடது தொடை கொஞ்சம், வலது தொடை கொஞ்சம். அவசரக்காரர்கள் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுப்பார்கள். நானும் இழுத்தேன். ஓட்டல் அறையில், போட்டிக்கு 40 நிமிடம் இருக்கும்போது, என் கட்டைவிரல் நகம் இடுப்பு மூட்டுக்குள் இறங்கியது. பழைய துணியைக் கிழிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். மகள் ஒன்றும் சொல்லவில்லை, பயிற்சி உடையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டாள்.

இடுப்பு தாண்டுவதுதான் கஷ்டம். தாண்டியதும் பின்பக்கத் துணியை நன்றாக மேலே ஏற்றுங்கள். தோள்பட்டி எப்போதும் கடைசி. அதைப் பிடித்து உடையைத் தூக்கக் கூடாது. போட்டு முடித்ததும் குனிந்து, தொடக்க மேடையில் நிற்கும் நிலைக்கு வரச் சொல்லிப் பாருங்கள்.

போட்டி நாளில் பந்தயத்துக்கு முந்தைய வார்ம்-அப் நீச்சலைப் பயிற்சி உடையில் முடித்துவிட்டு, துவட்டிக் காய்ந்த பிறகே மாற்ற வேண்டும். இரண்டு பந்தயத்துக்கு நடுவில் தோள்பட்டியை இறக்கிவிட்டு மேலே டி-ஷர்ட் போட்டுக்கொள்ளலாம். கழிப்பறை என்றால் முழுக்கக் கழற்ற வேண்டும், மறுபடி 15 நிமிடம். அதற்குப் பயந்து பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே நேரம் பார்த்து அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கப்போட்டு உலர்த்துங்கள். வாஷிங் மெஷின், டிரையர், ஹீட்டர் பக்கமே போகக் கூடாது.

துணி தளர்ந்துகொண்டே வரும், எத்தனை தடவை போட்டோம் என்பது மறந்துவிடும். அதனால் உடை வரும் வலைப்பையின் அட்டையில் ஒவ்வொரு தடவையும் தேதியையும் பந்தயத்தையும் பேனாவால் எழுதிவைக்கிறேன். மகளின் இப்போதைய உடையில் ஏழு வரி இருக்கிறது. எட்டாவது வரி மார்ச் மாதம்.