உருவப்படத்துக்கான பிரைம் லென்ஸ்: பின்னால் போய் நிற்க எவ்வளவு இடம் உண்டு?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கமரா ஒன்றை வாங்கி, அதனுடன் வரும் 18-55 சூம் லென்ஸோடு ஓரிரு கலியாண வீடுகளுக்குப் போய்வந்தவர்கள், உருவப்படத்துக்கு எந்தப் பிரைம் லென்ஸை வாங்கலாம் என்று கேட்கத் தொடங்குவார்கள். 85 மில்லிமீற்றர் என்ற பதில் உடனே வரும். அது அருமையான லென்ஸ் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் படமெடுக்கும் இடத்தில் எவ்வளவு தூரம் பின்வாங்கி நிற்க முடியும் என்று கேளாமல் சொல்லப்படும் அந்தப் பதில் அரைப் பதில்தான்.

பிரைம் லென்ஸின் குவியத்தூரம் (லென்ஸில் மில்லிமீற்றரில் குறிக்கப்படும் எண்) மாறாதது என்பதால், படத்துக்குள் எவ்வளவு அடங்க வேண்டும் என்பதை நாமே முன்னும் பின்னும் நடந்துதான் முடிவு செய்ய வேண்டும். தொடக்கநிலைக் கமராக்களில் உள்ள, ஒளியைப் பதிவு செய்யும் ஏபிஎஸ்-சி எனும் சிறிய உணரியில், கமராவை நெடுக்காகப் பிடித்து, தலையும் தோளும் மட்டும் அடங்க எடுப்பதற்கு 50 மில்லிமீற்றர் லென்ஸுடன் ஏறத்தாழ ஒன்றரை மீற்றரும், 85 உடன் இரண்டரை மீற்றரும் விலகி நின்றால் போதும். ஆளை முழு உயரத்துக்கு எடுப்பதானால் அதே தூரங்கள் முறையே நாலரை மீற்றராகவும் ஏழரை மீற்றராகவும் கூடிவிடும். வீட்டு விறாந்தையில் ஏழரை மீற்றர் ஏது? சாமத்திய வீட்டிலோ மணவறைக்கு முன்னாலோ அவ்வளவு தூரம் பின்வாங்கினால், இடையில் வீடியோக்காரரும் உறவினரும் வந்து நின்றுவிடுவார்கள்.

எனவே என் தெரிவு வரிசையில் முதலாவது 50 எஃப் 1.8 (எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவைக் குறிக்கும்; எண் சிறிதானால் துவாரம் பெரிது). ஏபிஎஸ்-சி உணரியில் அது பெரிய உணரி கொண்ட முழுச்சட்டக் கமராவின் 75 அல்லது 80 மில்லிமீற்றருக்கு இணையான காட்சிக் கோணத்தைத் தருவதால், விலை குறைந்த லென்ஸாக இருந்தும் உருவப்படத்துக்கு நன்கு பொருந்துகிறது. கனன் 2015 இல் வெளியிட்ட எஸ்டிஎம் வகை 35 சென்ரிமீற்றர் வரை நெருங்கிக் குவியும். தாலியையோ மருதாணிக் கையையோ எடுக்க அதுவே போதும். நிக்கோன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் குவிய மோட்டார் இல்லை என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் தனக்குள்ளேயே மோட்டார் கொண்ட, ஏஎஃப்-எஸ் என்று எழுதப்பட்ட லென்ஸையே வாங்க வேண்டும். மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் குவிக்க நேரும்.

வெளியிடத்தில் அதிகம் எடுப்பவர்கள் இரண்டாவதாக 85 எஃப் 1.8 வாங்கலாம். அறுவடை முடிந்த வயலிலும், பனங்கூடலிலும், முல்லைத்தீவுக் கடற்கரையிலும் இடத்துக்குக் குறைவில்லை. அங்கே அந்த லென்ஸ் பின்னணியைக் கரைத்து முகத்தை முன்னே கொண்டுவரும். 35 மில்லிமீற்றரை அறைக்குள் எடுக்கும் முழு உருவத்துக்கும் குடும்பப் படத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த லென்ஸால் தலையையும் தோளையும் எடுக்க ஒரு மீற்றருக்குள் நெருங்க வேண்டியிருக்கும். அந்த நெருக்கத்தில் மூக்குப் பெருத்துக் காதுகள் பின்வாங்கித் தோன்றும். இதற்குக் காரணம் நின்ற தூரமே தவிர லென்ஸின் குறை அன்று. 135 ஐ நான் பரிந்துரைப்பதில்லை: முழு உருவத்துக்குப் பன்னிரண்டு மீற்றர் விலகி நின்று, காது மந்தமான அம்மம்மாவிடம் "கொஞ்சம் சிரியுங்கோ" என்று கத்திப் பார்த்தால் காரணம் விளங்கும்.

எஃப் 1.8 இருக்கிறதே என்று எப்போதும் அதிலேயே எடுக்க வேண்டியதில்லை. ஏபிஎஸ்-சி கமராவில் 50 லென்ஸை எஃப் 1.8 இல் வைத்து ஒன்றரை மீற்றரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஆறு சென்ரிமீற்றர் அளவே. முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் மங்கிவிடும். கமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் ஒற்றைக் குவியப் புள்ளியை வைத்து, எஃப் 2.8 இல் எடுப்பது பாதுகாப்பானது. இருவர் சேர்ந்து நின்றால் எஃப் 4 க்குப் போங்கள்.

வன்னி வெயிலுக்கும் இதில் பங்குண்டு. நேர் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 இல் எஃப் 1.8 க்கு ஷட்டர் வேகம் ஏறத்தாழ 8000 இல் ஒரு பங்கு செக்கனாக இருக்க வேண்டும். 4000 இல் ஒன்றோடு நின்றுவிடும் கமராவில் படம் வெளிறிப்போகும். ஏப்ரலிலும் ஓகஸ்ட் இறுதியிலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்து கண்குழிகளை இருட்டாக்கும் என்பதால், காலையிலோ நாலரை மணிக்குப் பின்னரோ எடுப்பது நல்லது. நண்பகலில்தான் எடுத்தாக வேண்டுமென்றால், ஆளை விறாந்தையின் விளிம்பில், வெளிச்சமான முற்றத்தைப் பார்க்க நிறுத்துங்கள். நிலத்தில் பட்டுத் திரும்பும் ஒளி கண்களை நிரப்பும். அடர்ந்த மரத்தின் கீழ் நிறுத்தினால் இலைகளின் பச்சை தோலில் ஏறும்.

பாவித்த லென்ஸ் வாங்குபவர்கள் அதன் பின்பக்கத்திலிருந்து டோர்ச் ஒளியைப் பாய்ச்சி உள்ளே பார்க்க வேண்டும். நூல் வலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மாரிகால ஈரப்பதனில் புதிய லென்ஸிலும் அது பிடிக்கக்கூடும் என்பதால், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வையுங்கள். கோடையில் கிறவல் பாதைப் புழுதி படிந்த கண்ணாடியை முதலில் ஊதுகுமிழால் ஊதிய பின்னரே துணியால் துடைக்க வேண்டும். சேட்டு நுனி இதற்கு உதவாது.