அபூர்வ சைக்கடெலிக் எல்.பி. வாங்குகிறவர்கள் ஏமாறும் இடங்கள்

பழைய ராக் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) சேர்ப்பவர்களில் பணத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கோட்டைவிடுகிறார்கள். அட்டையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், தட்டைப் பார்க்க மாட்டார்கள். 1960-களின் பிற்பாதியிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த சைக்கடெலிக் (மனமயக்கம் போன்ற ஒலிகளைத் தேடிய ராக்), பரிசோதனை ராக் ஆல்பங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அவற்றில் பல, வந்த காலத்தில் சரியாக விற்கவில்லை. பத்து, இருபது வருடம் கழித்து ஆட்கள் தேடத் தொடங்கியதும் மறுபதிப்புகளும் கள்ளப் பதிப்புகளும் வரிசைகட்டின. ஒரே அட்டைக்குள் வெவ்வேறு காலத்துத் தட்டுகள் இன்று சந்தையில் சுற்றுகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது, கடைசிப் பாட்டுக்கும், தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளுக்கும் நடுவே இருக்கும் வழவழப்பான வளையம். டெட் வாக்ஸ் எனப்படும் அந்த இடத்தில் மேட்ரிக்ஸ் எண்ணை (தட்டின் அச்சை அடையாளம் காட்டும் எண்) கையால் கீறியிருப்பார்கள், அல்லது முத்திரை குத்தியிருப்பார்கள். அட்டையை எவனும் அச்சடித்துவிடலாம், லேபிளை ஸ்கேன் செய்துவிடலாம். ஆனால் பழைய உலோக அச்சு கையில் இல்லாதவன் இந்த வளையத்தை அப்படியே கொண்டுவருவது கஷ்டம். டெக்ஸஸைச் சேர்ந்த ‘தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ குழுவின் முதல் ஆல்பம் 1966-ல் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் லேபிளில் வந்தது. 1979-ல் அதே லேபிள் பெயரில், அதே அட்டையோடு மறுபடி போட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மறுபதிப்பின் வளையத்தில் மட்டும் ‘மாஸ்டர்ஃபானிக்ஸ்’ என்ற முத்திரை இருக்கும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஏராளம்.

பிரிட்டனின் ஈ.எம்.ஐ. நிறுவனத் தட்டுகளில் இதைவிடச் சுவாரசியம். மேட்ரிக்ஸ் எண்ணைக் கடிகாரத்தின் 6 மணி இடத்தில் வைத்துப் பாருங்கள். 9 மணி இடத்தில் ஒரு எண், 3 மணி இடத்தில் ஓர் எழுத்தோ இரண்டு மூன்று எழுத்துகளோ இருக்கும். எண், எந்தத் தாய் அச்சு (ஸ்டாம்பர் எடுக்கப் பயன்படும் உலோகத் தட்டு) என்பதைச் சொல்கிறது. எழுத்து, அதிலிருந்து எடுத்த எத்தனையாவது ஸ்டாம்பர் (தட்டை அழுத்தி அச்சிடும் உலோக அச்சு) என்பதைச் சொல்கிறது. ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, எம் என்றால் 4. ‘கிராமஃபோன் லிமிடெட்’ என்பதைச் சுருக்கிய பத்து எழுத்துகள் இப்படி 1 முதல் 0 வரை எண்களாகின்றன. பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பம் (1967) வாங்கும்போது லேபிளோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் பதிப்பில் நீலமும் கறுப்பும் கலந்த கொலம்பியா லேபிள். சில வருடங்களில் அது வெள்ளியும் கறுப்புமாக, ஈ.எம்.ஐ. பெட்டிக் குறியோடு மாறிவிட்டது. இந்தக் கொலம்பியா ஈ.எம்.ஐ.யுடையது, அமெரிக்கக் கொலம்பியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜெர்மன் தட்டுகளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. லேபிளில் எல்.சி. (லேபிள் கோட்) என்ற எழுத்துகளோடு ஒரு எண் இருந்தால், அந்தத் தட்டு 70-களின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ அச்சானது. அந்த முறையே அப்போதுதான் வந்தது. ஆகவே ‘நோய்!’ குழுவின் 1972 ஆல்பம், முதல் பதிப்பு என்று சொல்லி எல்.சி. எண்ணோடு விற்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அட்டையில் பார்கோடு இருந்தாலும் அப்படியே. இதைக்கூடக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

அடுத்தது, பழசு எல்லாம் அரிது என்று நினைப்பது. ஜெர்மனியின் ‘கேன்’ குழுவின் ‘மான்ஸ்டர் மூவி’யை 1969-ல் முதலில் 500 பிரதி மட்டும் தனியாக அடித்தார்கள்; பிறகுதான் லிபர்ட்டி நிறுவனம் வேறு அட்டையில் வெளியிட்டது. அந்த 500 உண்மையிலேயே அரிது. பிரேசிலில் வந்த ‘பயேபிரு’ ஆல்பத்தின் (1975) கதை இன்னும் சோகம். ரெசிஃபே நகர வெள்ளத்தில் அதன் பிரதிகளில் பெரும்பகுதி நாசமாகிவிட்டது. இதற்கு நேர் எதிர் ஃபாஸ்ட் குழுவின் ‘தி ஃபாஸ்ட் டேப்ஸ்’. 1973-ல் வர்ஜின் நிறுவனம் அதை ஒரு சிங்கிள் தட்டின் விலைக்கு, 49 பென்ஸுக்கு விற்றது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள், கேட்டுவிட்டு மிரண்டார்கள். இசை எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், தட்டு அரிதல்ல. இசையின் விசித்திரத்துக்கு விலை போடுகிற விற்பனையாளர்கள் நிறைய.

அதே ஃபாஸ்டின் முதல் ஆல்பம் (1971) இன்னொரு பாடம். ஒளி ஊடுருவும் தட்டு, ஒளி ஊடுருவும் உறை, மேலே எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு கை முஷ்டி. பார்த்தவுடன் கை பரபரக்கும். பின்னாளில் வந்த மறுபதிப்பும் ஒளி ஊடுருவும் தட்டில்தான் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

எந்த வடிவத்தை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குவதும் தவறுதான். பிங்க் ஃபிளாய்டின் அதே ஆல்பத்துக்கு மோனோ (ஒற்றை ஒலித்தடம்) ஒரு கலவை, ஸ்டீரியோ (இரண்டு ஒலித்தடம்) வேறொரு கலவை. ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ முடிவில் சத்தம் ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி விளையாடுவது ஸ்டீரியோவில் மட்டும்தான். அமெரிக்காவில் டவர் லேபிளில் வந்ததோ வேறு ஆல்பம் மாதிரியே இருக்கும்: ‘அஸ்ட்ரானமி டோமினி’யை எடுத்துவிட்டு ‘சீ எமிலி ப்ளே’யை முதலில் வைத்துவிட்டார்கள். அமெரிக்கப் பதிப்பைக் கௌரவத்துக்காக வாங்கிவிட்டு, கேட்பதற்கு இன்னொரு பிரதி தேடுவது வீண் செலவு. எனக்கு மோனோதான் பிடிக்கும். அது வேறு சண்டை.

நிலைமைத் தரத்துக்கு வருவோம். பெரும்பாலான தகராறு இங்கேதான். மின்ட், நியர் மின்ட், வி.ஜி. பிளஸ், வி.ஜி. என்று இறங்கும் வரிசையில் வி.ஜி.க்கு ‘மிக நன்று’ என்று பெயர். ஆனால் அமைதியான இடங்களில் கரகரப்பு நன்றாகவே கேட்கும். முழுக்க கிட்டார் இரைச்சலாக இருக்கும் ஆல்பத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் டாஞ்சரின் டிரீம் குழு மாதிரி நீண்ட மெல்லிய ஒலிகளில் ஒவ்வொரு டிக்கும் காதில் குத்தும். பிரிட்டிஷ் விற்பனையாளர் எக்ஸலண்ட் என்று எழுதுவதும் அமெரிக்கர் வி.ஜி. பிளஸ் என்று எழுதுவதும் ஏறக்குறைய ஒரே நிலைமைதான். தட்டுக்கும் அட்டைக்கும் தரம் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறாரா, ஓடவிட்டுக் கேட்டாரா, வெறும் கண்ணால் பார்த்தாரா என்று கேட்டுவிடுங்கள். பளபளவென்று மின்னும் தட்டு, தேய்ந்த ஊசியில் பலமுறை ஓடி உள் பள்ளங்கள் சிதைந்ததாக இருக்கலாம். கண்ணுக்கு அது தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டால் தெரிந்துவிடும்.

பிரிக்காத பிரதி என்றால் கூடுதல் உஷார். மெல்லிய பிளாஸ்டிக்கைச் சூடாக்கிச் சுருக்கி ஒட்டும் இயந்திரம் யாரிடமும் இருக்கலாம். அதோடு, உள்ளே இருப்பது என்ன என்று பிரிக்காமல் பார்க்கவும் முடியாது.

இந்த வகை ஆல்பங்களில் உறைக்குள் ஏதாவது ஒன்றைச் சேர்த்து வைப்பது அந்தக் காலத்து மோகம். டாஞ்சரின் டிரீமின் முதல் ஆல்பத்தோடு (1970) ஓர் பலூன் வந்தது. ஹாக்விண்ட் குழுவின் ‘இன் சர்ச் ஆஃப் ஸ்பேஸ்’ (1971) அட்டையைப் பிரித்தால் உள்ளே ஒரு விண்கலக் குறிப்பேடு இருக்க வேண்டும். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் முதல் ஆல்பத்தில் (1967) வாழைப்பழத் தோல் ஒரு ஸ்டிக்கர். யாரோ ஒரு பழைய சொந்தக்காரர் ஆசைப்பட்டு உரித்திருப்பார். ஜப்பானியப் பதிப்பென்றால் அட்டையைச் சுற்றிய ஓபி காகிதம். இவை இல்லாத பிரதியைக் கேட்பதற்காகக் குறைந்த விலையில் வாங்கலாம், தப்பில்லை. முழு விலை கொடுப்பதுதான் தப்பு.

விலையைப் பற்றி ஒரு கதை போதும். அதே வெல்வெட் அண்டர்கிரவுண்ட் ஆல்பத்தின் ஆரம்பக் கலவைகள் கொண்ட ஓர் அசிடேட் தட்டை (பதிவைச் சோதித்துக் கேட்க வெட்டும் தட்டு), 2002-ல் நியூயார்க்கில் பழைய பொருள் விற்கும் இடத்தில் ஒருவர் 75 சென்ட்டுக்கு வாங்கினார். 2006-ல் ஈபே ஏலத்தில் அது 1,55,401 டாலருக்குப் போனதாகச் செய்தி பரவியது. அந்த ஏலக்காரர் பணம் தரவில்லை. மறுபடி ஏலம் விட்டபோது 25,200 டாலர்தான் கிடைத்தது. திரையில் தெரியும் உச்ச விலையை நம்பி பேரம் பேசுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது. இசைத்தட்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், அதே பதிப்பு அதே நிலைமையில் கடைசியாக எவ்வளவுக்கு விற்றது என்று பாருங்கள்.

நம் நாட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக இம்பீரியல் டொபாகோ நடத்திய போட்டியின் இசைக்குழுக்களைத் தொகுத்து ‘சிம்லா பீட்’ எல்.பி.க்கள் 1970, 71-ல் வந்தன. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடுகிறார்கள். அதனாலேயே வெளிநாட்டில் மறுபதிப்பும் வந்துவிட்டது. பழையது என்று சொல்பவரிடம் லேபிள், டெட் வாக்ஸ் இரண்டின் படமும் கேளுங்கள்.

வாங்கிய பிறகு கெடுப்பதும் நம் கைதான். பி.வி.சி. வெளியுறையில் வருடக்கணக்கில் வைத்தால் தட்டில் பால் படர்ந்தது போல மங்கல் ஏறிவிடும், துடைத்தாலும் போகாது. பாலித்தீன் உறையே போதும். கடற்கரை ஊர்களில் ஈரப்பதத்தால் அட்டையில் பூஞ்சை வரும், அதனால் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் சுங்கவரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், தட்டை உள்ளுறையோடு எடுத்து அட்டைக்கு வெளியே வைத்துப் பொதிந்து அனுப்பும்படி விற்பனையாளரிடம் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வழியில் பெட்டி அடிபடும்போது தட்டு உள்ளேயே இருந்தால், ஐம்பது வருடம் தாங்கிய அட்டையின் ஓரம் அந்தப் பயணத்தில் கிழிந்துவிடும்.